வெள்ளைப் புள்ளி

ஓமந்தை
09.07.2024

சுமித்திராவுக்கு,

கலியாணம் கட்டிய ஆறு வருடத்தில் உமக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத வைத்தது நீர்தான். ஏழு நாளாக உமது போனுக்கு அடிக்கிறேன். ஒருதரம் மணி கேட்டதும் வெட்டுப்படுகிறது. போன்தான் பழுதாக்கும் என்று வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஹாட்வெயார் கடை நாஸிமிடம் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு ஜனா, மனிசிதான் உம்மை பிளாக் பண்ணி வச்சிருக்கா" என்றார். கடையில் ஆணி வாங்க நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியின் போனுக்கு அடித்தால், "அவ குளிக்கிறா தம்பி" என்று சொல்லி வைத்துவிடுகிறார். காலை பத்து மணிக்கும் குளிக்கிறீர், பின்னேரம் நாலு மணிக்கும் குளிக்கிறீர். மல்லாவியில் கிணறு வற்றாமல் இருந்தால் சரி.

ஒரு ஓவனுக்காக எந்தப் பெண்ணாவது வீட்டைவிட்டுப் போவாளா? வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப் பழகிய சனம் நாங்கள். ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். மாமியின் கண் ஆப்பரேசனுக்கு நீர் மல்லாவிக்குப் போன ஒன்பது நாளும் ஓவன் சும்மா கிடந்தது. அதில் என் மரக்கட்டைகளை வைத்துச் சூடாக்கினேன். என் கூட்டாளி சஜீவன் கனடாவிலிருந்து அனுப்பிய, மரத்தை இறுக்கும் பிசினில் இரண்டு சொட்டு உள்ளே விழுந்துவிட்டது. கொலையா செய்தேன்?

துப்புரவாக்கவில்லை என்றுதானே கோபம். நீர் போன பிறகு ஒரு முழு நாள் இருந்து தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறேன். தட்டு, கம்பி, கதவு, கண்ணாடி ஒன்றும் விடவில்லை. முன்பக்கத்துக் குமிழைக்கூடக் கழற்றி, அதைச் சுற்றி ஒட்டியிருந்த ஊத்தைப் பொட்டுகளை எல்லாம் சுரண்டி எடுத்தேன். இப்போது கடையிலிருந்து கொண்டுவந்த அன்றுபோலப் பளபளக்கிறது. வந்து பார்த்தால் நீரே வெட்கப்படுவீர்.

ஊரில் எனக்கு ஏற்கெனவே பெயர் இல்லை. "கேக் அக்கான்ர மனுசன்" என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அந்த அக்காவும் இல்லை. சந்தியில் தேத்தண்ணி குடிக்கப் போனால், "அக்கா எப்ப வருவா, ஓடர் ஒண்டு இருக்கு" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன, உமது காரியாலயத்துக் காவலாளியா?

வெள்ளிக்கிழமைக்குள் வாரும். மாமிக்குக் கண் சுகமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஜனார்த்தனன்


மல்லாவி
13.07.2024

திரு. ஜனார்த்தனன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தது, குமிழைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்க.

ஊத்தைப் பொட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊத்தை இல்லை. கியூட்டெக்ஸ். நகத்துக்குப் பூசும் அதே கியூட்டெக்ஸ். ஒவ்வொரு பொட்டையும் நான் ஈர்க்கு நுனியால் தொட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நீங்கள் கேட்டதில்லை.

அந்தக் குமிழில் அடித்திருக்கும் எண்கள் பொய். நூற்றெண்பது என்று இருக்கும் இடத்தில் வைத்தால் கேக் நடுவில் களியாக இருக்கும். வெளியே கருகி உள்ளே வேகாத கேக்கை எத்தனை தரம் கோழிக்குப் போட்டிருப்பேன் என்று கோழியைக் கேட்டால் சொல்லும். கருக்கிக் கருக்கித்தான் சரியான இடத்தைப் பிடித்தேன். சிவப்புப் பொட்டு பட்டர் கேக்குக்கு. றோஸ் பொட்டு றிச் கேக்குக்கு. மண்ணிறப் பொட்டு பிஸ்கட்டுக்கு. எல்லாவற்றுக்கும் கீழே, ஆக மெல்லிய சூட்டில், ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துக் காயவைக்கும் மெரிங்குக்கு அது. கொஞ்சம் கூடினால் மெரிங் காவி நிறமாகிவிடும். கொஞ்சம் குறைந்தால் பல்லில் ஒட்டும். பதினேழு தட்டு எறிந்த பிறகு வைத்த புள்ளி. அதைத்தான் நீங்கள் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் பளபளக்கிறது என்று எழுதுகிறீர்கள்.

இரண்டு சொட்டாம். மேல்தகட்டில் நான் எண்ணியது மாத்திரம் பதினொன்று.

அன்று நடந்ததை நீங்கள் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை, இரஞ்சிதம் அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஐந்து கிலோ கேக் என்னிடம் சொல்லியிருந்தார். அம்மாவின் ஆப்பரேசன் முடிந்து வந்த களைப்போடு இரண்டு நாள் நின்று செய்தேன். அதற்குள் அந்த ஓவனில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் முதல் துண்டை அந்தப் பிள்ளையின் வாயில் ஊட்டினார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பியது. வீடியோக்காரன் அதையும் எடுத்தான். அக்கா ஒரு துண்டை மணந்து பார்த்துவிட்டு, "பெயின்ற் மணக்குது" என்றார். நான் பின்கதவால் வெளியே போய்விட்டேன். நீங்கள் உள்ளே நின்றீர்கள்.

வீட்டுக்கு வந்து மா, முட்டை, பட்டர், எசன்ஸ் என்று ஒவ்வொன்றாக மணந்து பார்த்தேன். நீங்கள் குசினிக்குள் கதிரை போட்டு இருந்துகொண்டு, "எசன்ஸ் பழசாயிருக்கும்" என்றீர்கள். உடைக்காத புதுப் போத்தலையும் சேர்த்துத் தொட்டிக்குள் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் ஓவனுக்குள் கையை விட்டபோது கல்லுப்போல இறுகிக் கிடந்த பிசின் என் விரலைக் கீறியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் புகை ஏறிய பெட்டியில் செய்த கேக்கை நூறு சனத்துக்குக் கொடுக்க இருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அது அந்தப் பிள்ளை துப்பியதால்.

இரண்டு காரியம் செய்யுங்கள். இரஞ்சிதம் அக்காவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ததையும் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள். ஒன்றும் விடாமல். அது கையில் வரும்வரை நான் வரமாட்டேன். போனும் திறக்காது.

சுமித்திரா


ஓமந்தை
18.07.2024

சுமித்திராவுக்கு,

'திரு. ஜனார்த்தனன் அவர்களுக்கு' என்று பார்த்ததும் பிரதேச செயலகத்திலிருந்து காணிக் கடிதம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால் அதைவிடக் கடுமையாக இருக்கிறது.

பொட்டுகளைத் துடைத்தது பிழைதான். நீர் நகத்துக்குப் பூசும்போது சிந்தியது என்று நினைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவற்றுக்கு என்னால் முடியாது. என் பக்கத்தையும் நீர் கேளும்.

தளபாடக் கடையில் பதினான்கு வருடம் வேலை செய்தவன் நான். முதிரைக் கட்டில், பாலைக் கதவு, அலுமாரி என்று இந்தப் பக்கத்தில் நான் கைவைக்காத வீடு குறைவு. கடையை மூடினார்கள். சனம் பிளாஸ்ரிக் கதிரைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை? உமது கேக் பெட்டியை மோட்டச்சைக்கிளில் மடியில் வைத்து, குழியில் விழாமல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். "அக்காவுக்குச் சொல்லுங்கோ, நல்லா இருந்தது எண்டு" என்பார்கள். சொல்லுவேன். இரண்டு வருடம் சொன்னேன்.

அப்போதுதான் சஜீவன் இந்தத் தொழிலைச் சொன்னான். உக்கிப்போன மாமரத்தை யாரும் விறகுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். ஆனால் பூஞ்சணம் பிடித்த மரத்துக்குள் கறுப்புக் கறுப்பாக வரி ஓடியிருக்கும். வரைந்தாலும் அப்படி வராது. விரலால் அமத்தினால் உதிரும். அதை நன்றாகக் காயவைத்து, மூடிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்து, பிசினில் ஊறவிட்டுச் சூட்டில் வைத்தால் கல்லாக இறுகும். அங்கே கத்திக்குப் பிடி போடுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்களாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்தபோது அதன் வரியை விரலால் தடவிக்கொண்டே பின்னேரம்வரை இருந்தேன். அதை நீர் எங்கே காணப்போகிறீர், நீர் மல்லாவியில்.

எழுதச் சொன்னீர், எழுதுகிறேன். சஜீவன், "இருநூறில வை மச்சான்" என்றான். குமிழில் இருநூறில் வைத்தேன். அரை மணித்தியாலம் ஆகவில்லை, வீடு முழுக்கப் புகை. பிசின் கொதித்து, சுற்றியிருந்த அலுமினியத் தாளைக் கிழித்துக்கொண்டு மேலும் கீழும் தெறித்தது. எட்டுக் கட்டையும் கரி. அடுத்த நாள் சூட்டைப் பாதியாக்கி நூறில் வைத்தேன். வலப்பக்கம் பின்னால் இருந்த நாலும் நுரைத்து வெடித்தன. இடப்பக்கம் இருந்தவை சீனிப்பாணி மாதிரிப் பிசுபிசுத்தன. ஒரே பெட்டி, ஒரே நேரம். எனக்கு விசர் பிடித்தது. கம்பியால் சுரண்டி, யன்னலைத் திறந்து, இரண்டு நாள் சாம்பிராணி போட்டேன். மணம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

நீர் போன பிறகும் மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். மூன்றும் பிழை.

இரஞ்சிதம் அக்காவின் வீட்டுக்கு நான் போகமாட்டேன். ஒரு ஆம்பிளை போய் நின்று, மனிசியின் ஓவனில் களவாக மரம் சுட்டேன் என்று சொல்வதா? கேக்தானே. அடுத்த கேக்கை நல்லதாகச் செய்து கொடுத்தால் மறந்துவிடுவார்கள்.

எழுதச் சொன்னது எல்லாம் எழுதிவிட்டேன். இனி வாரும்.

ஜனார்த்தனன்


மல்லாவி
23.07.2024

ஜனார்த்தனன்,

இனி உமக்கு 'நீங்கள்' கிடையாது. அம்மா பக்கத்தில் இருந்து, "புருசனை அப்பிடி எழுதாதை" என்கிறா. நான் எழுதுகிறேன். நீர் என்னை 'நீர்' என்கிறீர், நானும் உம்மை 'நீர்' என்கிறேன். கணக்குச் சரி.

சாம்பிராணி போட்டீரா. நான் ஊரால் வந்து இறங்கியபோது வீடு கோயில் மாதிரி மணந்தது. அம்மாவின் கண்ணுக்காக மனுசன் சாமி கும்பிட்டிருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரைத் திருப்பித் தாரும்.

சஜீவன் சொன்ன இருநூறு கனடாவின் இருநூறு. அங்கே ஓவனுக்குப் பரனைட்டில் சொல்வார்கள். எங்கள் பெட்டியில் செல்சியஸ். அவனுடைய இருநூறு எங்கள் தொண்ணூற்று மூன்று. கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைவு. எட்டாம் வகுப்பில் படித்த காரியம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மல்லாவியிலிருந்தே போனில் சொல்லியிருப்பேன். அப்போது போன் திறந்துதான் இருந்தது.

தொண்ணூற்று மூன்று எங்கே இருக்கும் தெரியுமா? மெரிங் காயும் சூடு. வெள்ளைப் புள்ளி. உமக்குத் தேவையான இடத்தை நான் குறித்து வைத்திருந்தேன். நீர் இருநூறிலும் நூறிலும் வைத்துவிட்டு, கடைசியில் அந்த இடத்தையே துடைத்து எறிந்திருக்கிறீர். இதற்கு நான் அழுவதா சிரிப்பதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆத்திரத்தில் அம்மாவின் வாழைக்கு எல்லாம் தண்ணீர் இறைத்தேன்.

இனிச் சொல்வது உமக்காக இல்லை. அந்தப் பெட்டியை இன்னும் மூன்று தரம் வதைத்தீர் என்று வாசித்துவிட்டுப் பொறுக்க முடியவில்லை. குமிழில் நூறு என்று வைத்தால் உள்ளே நூறாக நிற்காது. நூற்றிருபதுக்கு மேலே ஏறும், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு எண்பதுவரை இறங்கும், திரும்ப ஏறும். வலப்பக்கப் பின்மூலையில் கம்பி வளைந்து கிட்ட வந்திருக்கிறது, அங்கே வைத்தது எதுவும் உருப்படாது. அடித்தட்டில் ஆற்றுமணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினால் ஏற்றமும் இறக்கமும் குறையும். ஒரு மணித்தியாலம் வெறுமனே சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே எதையும் வைக்க வேண்டும். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஊர் முழுக்க லைற்றும் பானும் போட, கரண்ட் இறங்கிவிடும், அந்த நேரம் வைக்கவே கூடாது. கதவைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. உம்மைத் தெரியும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்திருப்பீர்.

காற்றின் சூடு வேறு, கட்டையின் உள்சூடு வேறு. கேக் வெந்ததா என்று நான் மேலே தொட்டுப் பார்ப்பதில்லை. நடுவில் ஈர்க்குக் குத்திப் பார்ப்பேன். ஒரு கட்டையில் துளை போட்டு, வயர் வைத்த வெப்பமானியை அதன் வயிற்றுக்குள் விடும். அது சொல்வதுதான் சூடு.

அந்த ஓவனில் இனிச் சாப்பாடு செய்ய முடியாது. எத்தனை தரம் துடைத்தாலும் முடியாது. அது இனி உம்முடையது. வைத்துக்கொள்ளும்.

வெள்ளைப் புள்ளி எங்கே இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வைக்க முடியும். சொல்லமாட்டேன். எழுதச் சொன்னது எல்லாம் எழுதிவிட்டேன் என்கிறீர். இல்லை. சூட்டை எழுதினீர், புகையை எழுதினீர், சாம்பிராணியையும் எழுதினீர். அவை எல்லாம் நான் இல்லாத நாட்களில் நடந்தவை. நான் கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமையை. நான் பின்கதவால் போன பிறகு நீர் மண்டபத்துக்குள் நின்றதை.

கேக்தானே என்று மாத்திரம் இன்னொரு தரம் எழுத வேண்டாம்.

சுமித்திரா


ஓமந்தை
04.08.2024

சுமித்திராவுக்கு,

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் எடுத்துவிட்டது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் உம்மைத்தான் ஏசியிருந்தேன்.

முதலில் ஓவன். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டால் போதுமா என்று நாஸிமிடம் கேட்டேன். "அது நாப்பத்திரண்டோட முடிஞ்சிரும் ஜனா, வெடிச்சா இன்னும் ஒரு பிரச்சினை" என்று சொல்லி, ஹோட்டல்காரர் வாங்கும் வயர் வைத்த ஒன்றை எடுத்துத் தந்தார். நீர் சொன்னபடி மணல் போட்டேன். துளை போட்ட கட்டைக்குள் வயரை விட்டேன். கொப்பியும் பேனையுமாகக் கதிரையில் இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுதினேன். மணல் இல்லாமல் நூற்றிருபத்திநாலு, பிறகு எழுபத்தொன்பது. மணலோடு நூற்றெட்டு, தொண்ணூறு. நீர் ஒரு வெப்பமானியும் இல்லாமல், கேக்கைக் கருக்கிக் கருக்கி இதைக் கண்டுபிடித்திருக்கிறீர். அந்த நேரம் எல்லாம் நான் முன் அறையில் ரிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "என்ன கருகின மணம்" என்று அங்கிருந்தே கேட்டதும் ஞாபகம் வந்தது.

ஒன்பது தரம் வைத்தேன். கிட்ட வந்துவிட்டேன், ஆனால் இன்னும் சரியாகவில்லை. கட்டையின் ஒரு தலைப்பு இறுகினால் மறுதலைப்பு ஒட்டுகிறது. குமிழை ஒரு மயிரிழை திருப்புகிறேன், அடுத்த நாள் அந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. அப்போது உமது புள்ளிகள் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் துடைத்திருக்கிறேன்.

இனி மற்றது. நேற்றுக் காலை இரஞ்சிதம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். படலையடியில் இரண்டு தரம் திரும்பி மோட்டச்சைக்கிளுக்குப் போய், மூன்றாம் தரம் உள்ளே போனேன். அக்கா இருக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கேக்கில் பிழையில்லை, சுமித்திராவில் பிழையில்லை, நான்தான் அவ இல்லாத நேரம் ஓவனுக்குள் பிசின் பூசிய மரம் வைத்தேன், அதைச் சொல்லாமல் மறைத்தேன் என்று சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ஏன் தம்பி அண்டைக்கு மண்டபத்தில அப்பிடிச் சொன்னனீர்?"

இதைத்தான் நான் எழுதவில்லை. எழுதாமல் தப்பிவிடலாம் என்று பார்த்தேன். நீர் பின்கதவால் போன பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் அண்ணர், வீடியோக்காரன், உமது சிநேகிதி ராஜினி எல்லோரும். மணம் மூக்கில் பட்டவுடனேயே அது என்ன மணம் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எசன்ஸ் பழசு. நான் அப்பவே சொன்னனான், அவ கேக்கேல்லை."

அதற்கு முன்னம் உமக்கு நான் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. நீர் ஒன்றும் கேட்காமல் விடவும் இல்லை. முழுப் பொய். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோசம்கூட வந்தது, சுமித்திரா. அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் உமது கேக்கின் புகழைக் காவித் திரிந்தவன், ஒருநாள் ஒரு நிமிடம் உமக்கு மேலே நின்றேன். பிறகு குசினியில் நீர் புதுப் போத்தலை ஊற்றும்போது அந்தச் சந்தோசம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அக்கா அதைக் கேட்டு மூன்று வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார், உம்மிடம் கேக் எடுக்க வேண்டாம் என்று. "இனி அந்தப் பிள்ளையின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது" என்று என்னை ஏசினார். அந்த மூன்று வீட்டுக்கும் நேற்றே போனேன். மூன்று இடத்திலும் இதே கதையைச் சொன்னேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடாத குறை. அக்காவின் மகள் மாத்திரம், நான் அவர்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது உள்ளேயிருந்து வந்து, "அங்கிள், அன்ரி என்னோட கோவமா?" என்று கேட்டது. இல்லை என்றேன். அது சரிதானே?

வாரும் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை.

ஜனார்த்தனன்


மல்லாவி
07.08.2024

ஜனார்த்தனன்,

அந்தப் பிள்ளையோடு எனக்கு என்ன கோபம். துப்பாமல் விழுங்கியிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

உமது முதல் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர். ஒரு ஓவனுக்காக எந்தப் பெண்ணாவது வீட்டைவிட்டுப் போவாளா என்று. இப்போது பதில் சொல்கிறேன். போகமாட்டாள்.

நீர் மண்டபத்தில் சொன்னது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பின்னேரமே ராஜினி கிணற்றடிக்கு வந்து, உமது குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் போனாள். "நான் அப்பவே சொன்னனான், அவ கேக்கேல்லை." செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். ஓவனில் பிசின் விழுந்தால் ஓவன் போகும், அவ்வளவுதான். நீர் மரத்தோடு பாடுபடுவதைச் சொல்லியிருந்தால் நானே தட்டைக் கழுவித் தந்திருப்பேன். சபையில் என்னைக் கேக்கேல்லை என்று சொன்ன மனுசன் எனக்கு முன்னால் கதிரையில் இருந்து, பழைய எசன்ஸ் என்று அதையே திரும்பவும் சொன்னார். அதற்காகத்தான் போனேன். அதை நீராக எழுதுகிறீரா என்று முப்பத்தாறு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை அடைத்ததும் அதனால்தான். போனில் கேட்டிருந்தால் அழுது மழுப்பியிருப்பீர், நானும் விட்டிருப்பேன். தாளில் எழுதினால் நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. உமது மூன்றாவது கடிதத்தை மடித்து என் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.

சந்தோசம் வந்தது என்று எழுதியிருக்கிறீர். அதை வாசித்தபோது கடிதத்தைக் கிழிக்கத்தான் கை போனது. கிழிக்கவில்லை. மற்றவை எல்லாம் நான் கேட்டு நீர் எழுதியவை. அது ஒன்றுதான் நான் கேட்காமல் நீர் எழுதியது.

சனிக்கிழமை வருகிறேன். மூன்று மணி பஸ். சந்தியில் வந்து நில்லும், பாரம் இருக்கிறது. அம்மா தன்னுடைய காப்பை விற்று எனக்குப் புது ஓவன் ஒன்று வாங்கித் தந்திருக்கிறா. வேண்டாம் என்று சண்டை பிடித்தேன், கேட்கவில்லை. அது குசினியில் இருக்கும். பழையதை நான் வருவதற்கு முன்னால் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வையும். காற்றுப் போகிற திறந்த பக்கம் வையும், அந்தப் புகையைக் குடிக்க வேண்டாம். புது ஓவனின் குமிழில் உமது விரல் பட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வந்த பிறகும் உம்மை 'நீர்' என்றுதான் கூப்பிடுவேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்க வேண்டாம். ஊருக்கு நீர் சொன்னது போதும்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அதுவும் பஸ்ஸில் வருகிறது.

குமிழில் நூறு என்ற எண்ணின் கடைசிச் சைபர் இருக்கிறதே, அதற்கு இடப்பக்கம், ஒரு நெல்லின் அகலம் தள்ளி. மணலோடு, காலை வேளையில். வெள்ளைக் கியூட்டெக்ஸ் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில், என் சீப்புக்குப் பின்னால் கிடக்கிறது. ஈர்க்கு நுனியால் தொட்டு நீரே வையும். காய்வதற்கு முன்னால் தொட வேண்டாம். காய்ந்த பிறகு துடைக்க வேண்டாம்.

சுமித்திரா